புயல் வரும் முன்னே: வீடும் தெருவும் குழுவும் செய்ய வேண்டியவை



ஐப்பசி பிறந்தாலே நம்ம கடலோர மாவட்டங்களில் மனசுக்குள் ஒரு பயம் வந்துவிடும். "காற்றழுத்தத் தாழ்வு" என்று செய்தியில் சொன்னால் போதும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2018 நவம்பர் 16 கஜா புயல் என்று பட்டதெல்லாம் ஞாபகத்துக்கு வரும். புயலை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் உயிர்ச்சேதத்தையும் பொருள் சேதத்தையும் குறைக்க முடியும். அது எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் ஒரு சம்பவம்

கஜா புயல் சமயத்தில் நான் வேதாரண்யம் பகுதியில் களப்பணியில் இருந்தேன். புயல் வருவதை முன்கூட்டியே டிவியில் சொல்லிவிட்டார்கள். ஊரில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். நானும் குழுக் கூட்டங்களுக்குப் போய், "எல்லோரும் முகாமுக்குப் போயிடுங்க" என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். 15ஆம் தேதி சாயங்காலமே பள்ளிக்கூடத்தில் ஜனம் நிரம்பிவிட்டது. நடுராத்திரிக்கு மேல் அடித்த காற்றை இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

விடிந்து ஆட்களை எண்ணினால், தெருக்கடைசியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியைக் காணோம். நடக்க முடியாதவர். "பக்கத்து வீட்டுக்காரங்க கூட்டிட்டு வந்திருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார் ஒருவர். "மக வந்து அழைச்சிட்டுப் போயிருக்கும்னு நெனச்சோம்" என்றார் இன்னொருவர். விழுந்து கிடந்த மரங்களை வெட்டி வழி பண்ணி அங்கே போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. கூரை பறந்துபோய், ஒரு பக்கச் சுவர் இடிந்து, கட்டிலுக்கு அடியில் நனைந்து விறைத்துக் கிடந்தார் பாட்டி. நல்லவேளை, உயிர் இருந்தது. எங்களைப் பார்த்ததும், "ராத்திரி பூரா கூப்பிட்டேனே, ஒருத்தருக்கும் கேக்கலையா?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தத் தெருவில் மட்டும் இரண்டு குழுக்கள் உண்டு. எல்லோருக்கும் பாட்டியைத் தெரியும், யாருக்கும் அவர்மேல் பாசம் குறைவில்லை. ஆனாலும் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் இருந்துவிட்டோம். தவறு என்மேலும் உண்டு. "எல்லோரும் போங்க" என்று சொன்னேனே தவிர, "பாட்டியைக் கூட்டி வருவது யார் பொறுப்பு?" என்று கேட்டு ஒரு பெயரை எழுதி வைக்கவில்லை. தயாராக இருப்பது என்றால் இன்ன வேலைக்கு இன்னார் பொறுப்பு என்று முன்னாடியே முடிவு செய்வதுதான்.

பெண்களுக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாகை, கடலூர் மாவட்டங்களின் பல கிராமங்களில் ஆண்களைவிடப் பெண்களும் குழந்தைகளுமே அதிகம் இறந்தார்கள். காரணம் என்ன? ஆழ்கடலில் படகில் இருந்த ஆண்களுக்கு அந்த அலை பெரிதாகத் தெரியவில்லை. பெண்களோ மீன் எடுக்கக் கரையில் நின்றார்கள், அல்லது வீட்டில் இருந்தார்கள். பல பேருக்கு நீச்சல் தெரியாது. கட்டியிருந்த சேலை ஓட விடவில்லை. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. தப்பித்தவர்களிலும் சிலர் பிள்ளையைத் தேடித் திரும்பி ஓடினார்கள்.

முன்னேற்பாடு செய்தால் உயிர்கள் பிழைக்கும் என்பதற்கு ஒடிசாவே சாட்சி. 1999 அக்டோபரில் அங்கே அடித்த பெரும்புயலில் ஏறக்குறைய 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள், ஊருக்கு ஊர் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், ஒத்திகை நடத்தினார்கள். 2013இல் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்னதாகவே வெளியேற்றினார்கள். அந்தப் புயலும் கடுமையான புயல்தான். ஆனால் இறந்தவர்கள் எண்ணிக்கை நூறைத் தாண்டவில்லை.

எச்சரிக்கையைப் புரிந்துகொள்வோம்

வானிலை மையம் நிறம் வைத்து எச்சரிக்கை கொடுக்கிறது. மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் தயாராகிக்கொள். சிவப்பு என்றால் உடனே செயல்படு. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை எதிர்பார்த்தால் சிவப்பு கொடுப்பார்கள்.

துறைமுகத்தில் ஏற்றும் கூண்டுக்கு 1 முதல் 11 வரை எண் உண்டு. 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

இன்னொன்றை மறக்கக் கூடாது. புயலின் கண் ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். "முடிஞ்சிருச்சு" என்று வெளியே போனால் ஆபத்து. சிறிது நேரத்தில் எதிர்த்திசையில் இருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். அதிகாரிகள் அறிவிக்கும்வரை முகாமை விட்டு வரக் கூடாது.

சுனாமிக்கு இத்தனை அவகாசம் கிடைக்காது. கடலோரத்தில் நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்கப் போகாமல் மேட்டுக்கோ மாடிக்கோ ஓட வேண்டும். ஒரு அலையோடு முடியாது, அடுத்தடுத்து வரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

புரட்டாசிக்குள் இவற்றை முடித்துவிடுங்கள்:

• ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, வங்கிப் பாஸ்புக், நகை அடகு ரசீது, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். செல்போனில் படம் எடுத்து, வெளியூர் சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

• ஒரு அவசரப் பை தயார் செய்யுங்கள். டார்ச், தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, மாற்றுத் துணி, நாப்கின் அல்லது சுத்தமான துணி, கொஞ்சம் சில்லறைப் பணம், அவல், பொரி, பிஸ்கட் வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் 15 நாளுக்கு மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள்.

• வீட்டை ஒட்டியுள்ள தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிடுங்கள். முருங்கைக் கிளையைக் கழித்துவிடுங்கள்.

• புயல் அறிவிப்பு வந்ததும் குடம், அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து மூடி வையுங்கள். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. செல்போனையும் முழுசாகச் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.

• ஆடு மாடுகளை மேட்டுப்பாங்கான இடத்துக்கு ஓட்டிவிடுங்கள். அதற்கு வழியில்லை என்றால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள். கட்டிப்போட்ட மாடு தப்பிக்க முடியாது.

• கிளம்பும்போது மெயின் சுவிட்சையும் கேஸ் சிலிண்டரையும் மூடுங்கள்.

தெருவில் செய்ய வேண்டியவை

உங்கள் தெருவுக்கு ஒரு வரைபடம் போடுங்கள். தரையில் கோலப்பொடியால் போட்டாலும் போதும், பிறகு தாளில் எடுத்துக்கொள்ளலாம். எது தாழ்வான பகுதி, எந்த வழி முதலில் மூழ்கும், எந்த மின்கம்பம் சாய்ந்திருக்கிறது, எந்த வீடு மாடி வீடு, முகாம் எங்கே என்று எல்லாவற்றையும் குறியுங்கள்.

அடுத்தது பட்டியல். கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரர், நடக்க முடியாத முதியவர், மாற்றுத்திறனாளி, படுத்த படுக்கையாக இருப்பவர், ஆண் துணை இல்லாமல் தனியாக இருப்பவர் என ஒவ்வொரு பெயராக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், கூட்டி வரும் பொறுப்பு யாருடையது என்று இரண்டு பெயரை எழுதுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவர் இருப்பார். குழுவில் இல்லாதவர்களையும் விட்டுவிடாதீர்கள். புயல் உறுப்பினர் அட்டையைப் பார்த்து வருவதில்லை.

பட்டியலின் ஒரு நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சியிலும் கொடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108. இந்த மூன்றையும் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

முகாமில் நம் பாதுகாப்பு

முகாமில் பெண்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை, அங்கே வெளிச்சம், உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று மழைக்கு முன்பே நாலு பேர் நேரில் போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் கிராம சபையில் கேளுங்கள், மனுவும் கொடுங்கள். "அங்கே போனா பாத்ரூம் போக முடியாது, வயசுப் பொண்ண எப்படிப் படுக்க வைக்கிறது" என்றுதான் பல அம்மாக்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

குழுவில் செய்ய வேண்டியவை

குழுவின் தீர்மானப் புத்தகம், பேரேடு, பாஸ்புத்தகங்கள் யார் வீட்டில் இருக்கின்றன? கூரை வீட்டில் இருந்தால் மழைக்காலம் முடியும்வரை காரை வீட்டுக்கு மாற்றுங்கள். கணக்கு நனைந்து அழிந்தால் குழுவுக்குள் சண்டைதான் மிஞ்சும்.

பேரிடர் நிதி ஒன்று தொடங்குங்கள். 15 பேர் குழுவில் ஆளுக்கு மாதம் 10 ரூபாய் போட்டால் வருஷத்துக்கு 1,800 ரூபாய், மூன்று வருஷத்தில் 5,400 ரூபாய் சேரும். கஜா அடித்த சில நாட்களிலேயே, கூரையில்லாத வீட்டு வாசலில் தனியார் வாரக்கடன் வசூல்காரர் வந்து நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த நேரத்தில் கையில் ஆயிரம் ரூபாய் இருந்தால் கந்துவட்டிக்குப் போக வேண்டியதில்லை. பேரிடர் வந்தால் உள்கடன் தவணையை இரண்டு மாதம் தள்ளி வைப்பது என்றும் இப்போதே தீர்மானம் எழுதிவிடுங்கள்.

வங்கியில் கணக்கு இருந்தால் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் சேரலாம். வருஷத்துக்கு 20 ரூபாய், வயது 18 முதல் 70 வரை. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். மே மாத முடிவில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் புதுப்பிக்க முடியாமல் போகும், கவனம்.

புயலுக்குப் பிறகு

• அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாதீர்கள். அது கிடக்கும் தண்ணீரிலும் கால் வைக்காதீர்கள்.

• தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலந்து கொடுங்கள்.

• வீட்டுக்குள் பாம்பு ஏறியிருக்கும், குச்சியால் தட்டிப் பார்த்து நுழையுங்கள். கடித்தால் கீறவோ உறிஞ்சவோ வேண்டாம், உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

• இடிந்த வீடு, செத்த கால்நடை, அழிந்த பயிர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தும் முன் படம் எடுத்து வையுங்கள். கணக்கெடுக்க வருபவர்களிடம் காட்ட உதவும்.

இந்த மாதக் கூட்டத்தில்

சேமிப்பு வாங்கி முடித்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்று கேள்விகளைப் பேசுங்கள். நம் தெருவில் தானாக நடந்து வர முடியாதவர்கள் யார் யார்? அவர்களைக் கூட்டி வரப்போவது யார்? குழுப் புத்தகங்கள் எங்கே இருக்கப் போகின்றன? பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த மாதம் களப்பணிக்கு வரும்போது நான் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டிப் பார்ப்பேன்.

அந்தப் பாட்டி இப்போது இல்லை. கஜாவுக்கு இரண்டு வருஷம் கழித்து, வயதாகி, தன் வீட்டிலேயே காலமானார். 2020 நவம்பரில் நிவர் புயல் எச்சரிக்கை வந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். அன்றைக்கு மத்தியானமே குழுப் பெண்கள் இரண்டு பேர் நாற்காலியில் உட்கார வைத்து முகாமுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். பட்டியலில் முதல் பெயரே அவருடையதுதான்.