மகுடியில் வந்த 007

1983-ல் வெளியான 'ஆக்டோபஸி' படத்தில் ஒரு காட்சி. உதய்ப்பூரில் ஜேம்ஸ் பாண்டாக ரோஜர் மூர் படகை விட்டு இறங்குகிறார். கரையில் ஒரு பாம்பாட்டி மகுடி ஊதிக்கொண்டிருக்கிறார். ஊதுவது புன்னாகவராளி அல்ல, ஜேம்ஸ் பாண்ட் தீம். தனக்காகக் காத்திருக்கும் ஆள் இவர்தான் என்று பாண்டுக்குப் புரிந்துவிடுகிறது. பாம்பாட்டி வேடத்தில் இருப்பவர் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ்.

யோசித்துப் பார்த்தால் அபத்தம்தான். பின்னணி இசை நமக்குக் கேட்பது. படத்துக்குள் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? ஆனாலும் நமக்குச் சிரிப்பு வருகிறதே தவிர சந்தேகம் வருவதில்லை. அந்த ஒலி அதற்குள் பாண்டின் அங்க அடையாளமாகிவிட்டிருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த மெட்டின் பூர்வீகமே இந்தியச் சாயல் கொண்டது. வி.எஸ். நய்பாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவல், டிரினிடாடில் வாழும் இந்திய வம்சாவளிக் குடும்பத்தின் கதை. அதை இசை நாடகமாக்கும் முயற்சிக்காக மாண்டி நார்மன் ஒரு பாட்டு போட்டார். தும்மலோடு பிறந்த ராசியில்லாதவன் ஒருவனின் புலம்பல் அது. நாடகம் நின்றுபோனது. 1962-ல் 'டாக்டர் நோ' என்ற பாண்ட் பட வாய்ப்பு வந்தபோது நார்மன் அந்த மெட்டைத் தூசி தட்டி எடுத்தார். அதற்கு வாத்திய அமைப்பு செய்ய அழைக்கப்பட்டவர் 28 வயது ஜான் பாரி.

மெட்டு யாருடையது என்ற சண்டை நீதிமன்றம் வரை போனது. பாரிதான் உண்மையான ஆசிரியர் என்று எழுதிய லண்டன் பத்திரிகை ஒன்றின்மேல் நார்மன் அவதூறு வழக்குப் போட்டு, 2001-ல் 30,000 பவுண்டு நஷ்ட ஈடு பெற்றார். தீர்ப்பு அவர் பக்கம். ஆனால் தும்மல்காரனுக்குக் கோட்டு மாட்டிக் கையில் துப்பாக்கி கொடுத்தது பாரிதான் என்பது என் கட்சி.

கிடார் வாசித்தவர் விக் ஃபிளிக். கம்பியை நடுவில் மீட்டினால் ஒலி குழையும். ஓரத்தில் மீட்டினால் மேற்சுரங்கள் கூடுதலாக எழுந்து கூர்மை ஏறும். குதிரைக்குப் பக்கத்தில் மீட்டும் வீணைக் கலைஞருக்கு இது கைப்பழக்கம். ஃபிளிக் தன் கிடாரில் கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பை பிரிட்ஜ், அதாவது குதிரை, அருகே வைத்தார். அது கம்பிகளை இன்னும் நெருங்கட்டும் என்று அடியில் ஒரு நசுக்கிய சிகரெட் பெட்டியையும் செருகினாராம். உலகப் புகழ்பெற்ற அந்த உலோகக் கடுமையில் அந்த அட்டைப்பெட்டிக்கும் பங்குண்டு.

கிடாருக்கு அடியில் நான்கு சுரங்கள் ஓயாமல் சுற்றுகின்றன. ஈ மைனரின் ஆதார சுரத்தைச் சட்ஜமமாக வைத்தால் அவை பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையாக ஏறி, ஒரு கட்டை இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வருகிற சுற்று. கீரவாணியையும் கௌரிமனோகரியையும் பிரிப்பது இந்தத் தைவதம் ஒன்றுதான். இசை இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறது. ஏறப்போகிறது என்று காது நினைக்கும்போது திரும்பிவிடுகிறது. எதிர்பார்ப்பைத் தூண்டிவிட்டு நிறைவேற்றாமல் தள்ளிப்போடும்போதுதான் இசையில் உணர்ச்சி பிறக்கிறது என்று லெனர்ட் மேயர் என்ற அமெரிக்க அறிஞர் 1956-லேயே வாதிட்டார். அந்த வாதத்துக்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முடிவில் வரும் கார்ட் இன்னும் விஷமம். மைனர் கார்டுக்கு மேல் காகலி நிஷாதமும் ரிஷபமும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. சட்ஜமம் நொடிக்கு 330 அதிர்வு என்றால் மேலே உள்ள நிஷாதம் 622. ஆனால் சட்ஜமம் தனியாக ஒலிப்பதில்லை. அதன் இரட்டிப்பு மேற்சுரமும் கூடவே 659-ல் ஒலிக்கும். 622-ம் 659-ம் காதின் நத்தைச்சுருளுக்குள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் போய் மோதி, நொடிக்கு 37 முறை துடிக்கின்றன. 33 வாக்கில் வரும் துடிப்புதான் காதை அதிகம் உறுத்தும் என்று 1863-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியிருக்கிறார். பாண்ட் படத்தின் அழகான கார்ட், அளந்து பார்த்தால், ஓர் உறுத்தல்.

அதன்பின் பாரி 11 பாண்ட் படங்களுக்கு இசையமைத்தார். 'கோல்ட்ஃபிங்கர்' (1964) பாட்டின் தொடக்கத்தில் பித்தளை வாத்தியங்கள் 'வா-வா' என்று அலறுகின்றன. வாத்தியத்தின் வாயை மூடித் திறந்தால், நாம் உயிரெழுத்தை மாற்றும்போது நடப்பதுபோல அதன் ஒத்ததிர்வு மாறுகிறது. அதனால் அது பேசுவதுபோல் கேட்கிறது. அந்தப் பாட்டையே துண்டு துண்டாக்கிப் படம் முழுக்கத் தூவினார். 'தண்டர்பால்' (1965) படத்தில் அணுகுண்டைத் திருடி நீருக்கடியில் கொண்டுபோகும் காட்சிகளில் வசனமும் இல்லை, வேகமும் இல்லை. அங்கே அவசரப்படாமல் இருண்ட, மெதுவான இசையை ஓடவிட்டார். பொறுமை இல்லாத இசையமைப்பாளர் டிரம்ஸை உருட்டியிருப்பார்.

அந்தத் தீம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1983-லேயே ஒரு சோதனை நடந்தது. உரிமைச் சிக்கலால் வேறு நிறுவனம் எடுத்த 'நெவர் சே நெவர் அகெய்ன்' படத்தில் ஷான் கானரியே பாண்டாகத் திரும்பி வந்தார். தீம் இசையைப் பயன்படுத்த உரிமை இல்லை. இசையமைத்தவர் மிஷல் லெக்ராண்ட், சாதாரண ஆள் அல்ல. இருந்தும் கானரி நடந்து வரும்போது யாரோ பாண்ட் மாதிரி நடப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. 1995-ல் 'கோல்டன் ஐ' படத்துக்கு எரிக் செர்ரா மின்னணு ஒலிகளால் இசை செய்தபோதும், பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் பீரங்கி வண்டி ஓடும் காட்சிக்கு ஜான் ஆல்ட்மனை வைத்துப் பழைய தீமோடு புது இசை போடவேண்டி வந்தது.

தீம் இசையைத் தள்ளிப்போட்டே வென்றவர் டேவிட் அர்னால்ட். 'கசினோ ராயல்' (2006) படத்தில் பாண்ட் இன்னும் பாண்டாக ஆகவில்லை. அதனால் முழுத் தீம் இசையையும் பூட்டி வைத்தார். அங்கங்கே ஒரு துணுக்கு, ஒரு சாயல், அவ்வளவுதான். கடைசிக் காட்சியில் அவன் தன் பெயரைச் சொல்கிறான், கிடார் வெடிக்கிறது. பிடித்த இசையின் உச்சம் வருமுன்பே, அதற்காகக் காத்திருக்கும் நொடிகளிலேயே மூளையில் டோபமின் சுரக்கிறது என்று மாண்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் கண்டார்கள். அர்னால்ட் நம்மை இரண்டு மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்திருந்தார்.

'நோ டைம் டு டை' (2021) படத்துக்காக பில்லி ஐலிஷ் பாடிய பாட்டு அதே உறுத்தும் கார்டில்தான் முடிகிறது. படத்தின் இறுதியில் பாண்ட் சாகிறான். பெயர்கள் திரையில் ஓடும்போது ஒலிப்பது, அவன் மனைவி சுட்டுக் கொல்லப்பட்ட 1969-ம் ஆண்டுப் படத்துக்காக பாரி போட்ட மெட்டு, லூயி ஆம்ஸ்ட்ராங் குரலில். அப்போது பாடியவர் இறந்து 50 ஆண்டு, மெட்டுப் போட்டவர் இறந்து 10 ஆண்டு ஆகியிருந்தது. எல்லாம் ஓய்ந்தபின் கறுப்புத் திரையில் ஒரு வரி வருகிறது: ஜேம்ஸ் பாண்ட் திரும்பி வருவார்.