கைப்பட்டை கூறும் கணக்கு

தாசேக் கெலுகோர் பினாங்கின் பெருநிலப்பகுதியாகிய செபராங் பிறையின் வடபால் உள்ள ஊர். அவ்வட்டாரத் தமிழரிடையே 'இரத்தக் கொதிப்பு' என்பதும் 'டாரா திங்கி' என்னும் மலாய் வழக்கும் ஒரே நோயைக் குறிப்பன. உண்மையில் குருதி கொதிப்பதில்லை. நாளச் சுவரை அது அழுத்தும் விசையே மிகுகிறது. கொதிப்பென்ற சொல்லால் விளைந்த தீங்கு ஒன்றுண்டு: சினமும் தலைச்சூடும் இல்லாதவர், தமக்கு நோயில்லை என்றே எண்ணிவிடுகின்றனர். அறிகுறி காட்டாத நோயை அளந்துதான் அறியவேண்டும்.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் குதிரையின் நாளத்திலே குழாய் செருகி அழுத்தத்தை அளந்ததை 1733இல் வெளியிட்டார். 1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி கைப்பட்டையைக் கண்டார்; 1905இல் உருசியரான கொரொத்கொவ் நாளத்தின் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையை வகுத்தார்.

இன்று வீடுகளிலுள்ள தானியங்கிக் கருவி பெரும்பாலும் ஒலியைக் கேட்பதில்லை. பட்டை காற்றால் உப்பி நாளத்தை நெரிக்கிறது. அழுத்தம் மாறும்போது நாடித் துடிப்பு பட்டைக்குள் எழுப்பும் அதிர்வைக் கருவி உணர்கிறது. அதிர்வு உச்சமடையும் இடம் சராசரி அழுத்தத்தைக் காட்டும். மேலெண்ணையும் கீழெண்ணையும் அதனின்று கருவி கணித்துக்கொள்கிறது. ஆகவே கை அசைந்தாலும் பேசினாலும் கணக்குப் பிழைக்கும். நாடி ஒழுங்கின்றித் துடிப்பவர்க்கு மருத்துவர் செவிக்குழாய் வைத்துச் சரிபார்ப்பதே தக்கது.

பெரும்பிழை பட்டையிலேயே நேர்கிறது. பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் எண் பொய்யாக ஏறும். மிகப் பெரிய பட்டை வேண்டியவர்க்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேலெண் சராசரி 19.5 மில்லிமீட்டர் கூடியதென, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அறிஞர் 2023இல் வெளியிட்டனர். அந்தப் பொய்யெண்ணை நம்பி மருந்தைக் கூட்டினால், முதியவர் எழுந்து நிற்கையில் தலை சுற்றி விழக்கூடும். வாங்குமுன் மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளந்து, பட்டையிற் குறித்த அளவோடு ஒப்பிடவேண்டும்.

அளக்குமுன் அரைமணி நேரம் காப்பி, தேநீர், புகை ஆகாது. சிறுநீர் கழித்துவிட வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையிற் பட ஐந்து நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும். ஆடையற்ற மேற்கையிற் பட்டை கட்டி, அது நெஞ்சின் மட்டத்தில் நிற்கக் கையை மேசைமேல் ஊன்றுக. கை தொங்கினாலோ, மடியிற் கிடந்தாலோ எண் கூடும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளப்பது நன்று. கூழ்மப்பிரிப்புக்காக நாளம் இணைத்த கையிலும், சொட்டு மருந்து ஏறும் கையிலும் பட்டை கட்டலாகாது. மார்பக அறுவையில் அக்குள் முடிச்சுகளை நீக்கியவர், எக்கையில் அளப்பதென மருத்துவரைக் கேட்டுக்கொள்வது முறை.

மருத்துவ நிலையத்தில் 140/90 என்பது வரம்பு; வீட்டில் 135/85. எண் 180/120ஐ எட்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக்குழறல், கைகால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஏதேனும் கண்டால், மறுமுறை அளந்து காலம் போக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

எண்ணைத் தேதி, வேளையோடு தனித்தனி ஏட்டில் எழுதிவைத்தல் நலம். ஒரே கருவியைக் கணவனும் மனைவியும் ஆள்வதால், அதன் நினைவில் இருவர் கணக்கும் கலந்து கிடப்பதுண்டு.