டவுனி நகரத்து மஞ்சள் வளைவுகள்

பழமை என்றதும் கோபுரமும் கல்வெட்டும் நினைவுக்கு வருதல் இயல்பு. உண்டவர் கைகழுவுமுன் மறந்துவிடும் ஓர் உணவுக்கடையைப் பழமைச் சின்னமெனப் போற்றுவாரும் உளரோ? உளர். அமெரிக்காவிலே, லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அணித்தாயுள்ள டவுனி என்னும் ஊரிலே, 1953ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் திறக்கப்பட்ட மக்டொனால்ட் கடை அத்தகையது. அப்பெயர் பூண்டு இன்று இயங்குங் கடைகளுள் அதுவே மிகப் பழையது.

அதன் தோற்றுவாய் சான் பேர்னாடினோ என்னும் ஊர். அங்கே கடை நடத்திய றிச்சாட், மொறிஸ் என்னும் மக்டொனால்ட் சகோதரர் 1948இல் ஒரு புதுமை செய்தனர். கார்களில் இருப்போருக்கு உணவு கொண்டுசென்ற பணிப்பெண்களை நிறுத்தினர், பண்டவகைகளைக் குறைத்தனர், ஹம்பர்கர் ஒன்றின் விலையை 15 சதமாக்கினர். பின்னர் புதிய சமையலறை அமைக்கக் கருதியபோது, டெனிஸ் மைதானமொன்றிலே சுண்ணக்கட்டியால் அதன் படத்தைக் கீறி, ஊழியரை அதனுள்ளே நடக்கவைத்துப் பார்த்தனராம். அன்றிரவு மழை பெய்து கோடுகளையெல்லாம் அழித்துவிட்டது என்பர். வேகத்துக்கு அவர் பட்ட பாடு அத்துணை.

கட்டடத்தை அமைத்தவர் ஸ்டான்லி மெஸ்ரன் என்னும் கலைஞர். வளைவு வேண்டுமென்றவர் றிச்சாட். இரு மருங்கும் மஞ்சள் வளைவுகள் கூரையை ஊடறுத்து எழுந்து, விரைந்து செல்லும் கார்க்காரனைத் தொலைவிலேயே மறித்து அழைக்கும். அருகே ஏறத்தாழ 60 அடி உயரத்தில் விளம்பரப் பலகை ஒன்று. அதிலே ஹம்பர்கரையே முகமாகக் கொண்ட ஸ்பீடி என்னும் சமையற்காரன் ஒளிக்குழாய்க் கால்களால் ஓடுகின்றான். ஓடுகின்றானேயன்றி, நின்ற இடத்தைவிட்டு இன்னும் அகன்றானில்லை!

ஏனைய கடைகளில் அவன் நிலைக்கவில்லை. றே குறொக் என்பார் 1961இல் சகோதரரின் உரிமையை 27 இலட்சம் டொலருக்கு வாங்கினார். அவரது நிறுவனத்துக் கடைகளிலிருந்து ஸ்பீடி நீங்கினான், வளைவுகள் கட்டடத்தை விட்டு எழுத்துக் குறியாகச் சுருங்கின, கூரைகளும் மாறின. டவுனிக் கடையின் உடன்படிக்கையோ சகோதரரோடு நேரே செய்யப்பட்டது. எனவே நிறுவனத்தின் கட்டளை அங்கே செல்லவில்லை. புதுக்குவார் இன்மையே அதற்குக் காப்பாயிற்று.

1990இல் அதுவும் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1994 சனவரியில் நிலநடுக்கத்தாற் சேதமுற்றது, வருவாயுங் குறைவு, கடை மூடப்பட்டது. இடித்துவிடுவர் என்றிருந்த வேளையிலே ஊரவரும் பழமை பேணுவோரும் குரலெழுப்பினர். அமெரிக்காவில் அழிவை எதிர்நோக்கும் பதினொரு வரலாற்றிடங்களுள் ஒன்றாக அவ்வாண்டே அது அறிவிக்கப்பட்டது. நிறுவனமும் மனம் மாறிற்று. திருத்தியமைக்கப்பட்ட கடை 1996 டிசம்பரில் மீண்டுந் திறந்தது.

இல்லினோய் மாநிலத்து டெஸ் பிளேன்ஸ் நகரிலே நிகழ்ந்தது வேறு. குறொக் 1955இல் திறந்த கடை அங்கேயிருந்தது. அதனை 1984இல் இடித்தனர். மறு ஆண்டே அதுபோலொன்று கட்டி அரும்பொருட்சாலை என்றனர். 2018இல் அதனையும் இடித்தனர். மூலச்சுவடியைச் செல்லுக்கு இரையாக்கிவிட்டுப் பிரதிக்குப் பட்டுறை தைப்பாரை யாமும் கண்டதுண்டு. பிரதியையேனும் காத்தாரா எனின், அதுவுமில்லை.

டவுனியிலோ, வாங்குவோர் இன்றும் பழைய வழக்கப்படி சாளரத்தருகே நின்றே வாங்குகின்றனர். உள்ளே புகுந்து அமர அக்கட்டடத்தில் இடமில்லை.