பத்து விழுக்காட்டில் நிற்கும் கூரை

ஃப்ளோரிடாவில் வீடு வாங்குகிறவரின் கைக்குப் பெரும்பாலும் இரண்டு அறிக்கைகள் வரும். ஒன்று, குழாய், மின்கம்பி, கூரை என்று வீடு முழுவதையும் பார்த்து எழுதிய ஆய்வறிக்கை. அதில் கூரையின் உருவம் ஒரே சொல்லில் முடிந்துவிடலாம். இன்டர்நாச்சி ஆய்வாளர் சங்கத்தின் நெறிமுறை, கூரைமேல் என்ன பொருள் வேய்ந்திருக்கிறது என்பதை எழுதச் சொல்கிறதே தவிர, உருவத்தை எழுதியே ஆக வேண்டும் என்று சொல்வதில்லை. மற்றொன்று, காப்பீட்டுக்காக நிரப்பப்படும் புயல் தாங்குதிறன் படிவம். அதில் கூரையின் உருவம் என்பது பணம்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள இரண்டு உருவங்கள் தெரிந்தால் போதும். நம்மூர் ஓட்டு வீட்டில் பார்த்திருப்போம்: முகட்டிலிருந்து இரண்டு பக்கம் சரிவு இறங்கும், மற்ற இரண்டு பக்கமும் சுவர் முக்கோணமாக மேலே எழும்பி நிற்கும். இது கேபிள் கூரை. நான்கு பக்கமும் சரிந்து, சுற்றிலும் இறவாரம் ஒரே மட்டத்தில் ஓடினால் அது ஹிப் கூரை.

புயலுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். முக்கோணச் சுவர் காற்றை நேருக்கு நேர் வாங்குகிறது. உள்ளிருந்து அதைத் தாங்கிப் பிடிக்கக் குறுக்குக் கட்டைகள் இல்லாவிட்டால் சுவர் சாய்ந்து, கூரைப் பலகைகளும் பெயர்ந்துவிடும். திறந்த வாய் வழியே புகும் காற்று, மிச்சக் கூரையை உள்ளிருந்து மேலே தள்ளும். மழை நேராக அறைக்குள் கொட்டும். ஹிப் கூரையிலோ மூலைக் கைமரங்கள் நான்கு திசையிலிருந்தும் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன. 1992 ஆகஸ்ட் 24 அன்று தெற்கு ஃப்ளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு, இடிபாடுகளைப் பார்த்த பொறியாளர்கள் முக்கோணச் சுவர்களின் பலவீனத்தைத் தெளிவாகக் கண்டார்கள்.

படிவத்தில் உருவத்துக்கு மூன்று பெட்டிகள்: ஹிப், தட்டை, பிற. தட்டை என்பது 5 அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள கட்டடத்துக்கு மட்டும். தனி வீட்டின் கூரை தட்டையாகவே இருந்தாலும் 'பிற'தான். ஹிப் பெட்டியில் குறியிட ஒரு நிபந்தனை உண்டு: ஹிப் அல்லாத பகுதிகளின் நீளம், கூரையின் மொத்தச் சுற்றளவில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு நீளங்களையும் அடிக்கணக்கில் எழுத வேண்டும்.

ஒரு வீட்டின் கூரைச் சுற்றளவு 240 அடி என்று வைத்துக்கொள்வோம். வாசலுக்கு மேல் அழகுக்காக 12 அடி அகலத்தில் ஒரு முக்கோணம் இருக்கிறது. அது 5 விழுக்காடு, வீடு ஹிப்தான். அதே வீட்டில் அதற்குப் பதிலாகக் கார் கொட்டகையின் முகப்பு 28 அடி முக்கோணமாக இருந்தால், கிட்டத்தட்ட 11.7 விழுக்காடு. வீடு 'பிற' ஆகிவிடும், ஹிப்புக்கான காப்பீட்டுக் கட்டணத் தள்ளுபடியும் போய்விடும். தெருவில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு கூரையும் ஒன்றுபோலத்தான் தெரியும். சுற்றி வந்து நாடா பிடித்து அளந்தவருக்கு மட்டுமே அந்த வேறுபாடு கிடைக்கும். சுவரில் மட்டும் பொருத்திய, அடைப்பில்லாத தாழ்வாரத்தின் கூரையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே பொது அறிக்கையிலும் "ஹிப் கூரை" என்ற ஒற்றைச் சொல் போதாது என்றே நினைக்கிறேன். "முதன்மைக் கூரை ஹிப், வடக்கே கார் கொட்டகையின் முகப்பில் 28 அடி கேபிள், உள்ளே குறுக்குக் கட்டைகள் தென்படவில்லை" என்று எழுதினால், எங்கே பலப்படுத்த வேண்டும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். தச்சரை அழைத்து அந்த முக்கோணத்துக்குப் பின்னால் கட்டை வைக்கச் சொல்லலாம்.

காப்பீட்டுப் படிவம் 5 ஆண்டு வரை செல்லும், வீட்டின் கட்டமைப்பில் பெரிய மாற்றம் செய்யாதவரை. விற்பவர் பழைய படிவத்தை நீட்டினால், அந்தத் தேதிக்குப் பிறகு அறையோ கொட்டகையோ கட்டினாரா என்று கேளுங்கள். கட்டியிருந்தால் மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள்.