நிறுத்தினால் கெடும் வீடு

வடபழனியிலோ சாலிகிராமத்திலோ படப்பிடிப்பு நடக்கிற தெருவில், வேப்ப மரத்தடியில் வெள்ளையாக ஒரு நீண்ட வண்டி நிற்கும். அடியில் எங்கிருந்தோ ஜென்செட் ஓடும் சத்தம் வரும். கதவு திறக்கும்போதெல்லாம் ஏ.சி. குளிர் தெருவில் கொட்டும். சென்னைக்காரர்களுக்குக் கேரவன் என்றால் அதுதான். அப்படி ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு ஏறித் தனுஷ்கோடி வரை போய், சமைத்துச் சாப்பிட்டுப் படுத்து எழுந்து வரலாமே என்ற ஆசை இப்போது மயிலாப்பூர், அடையாறு வீடுகளிலும் எட்டிப் பார்க்கிறது. விற்பவர்கள் கட்டிலின் நீளத்தையும் டி.வி.யின் அகலத்தையும் சொல்வார்கள். வாங்கிய மறுநாளிலிருந்து அதை யார் பார்த்துக்கொள்வது என்பதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள்.

டீசல் கேரவனில் இரண்டு இயந்திரங்கள் ஒன்றாகப் பயணிக்கின்றன. ஒன்று லாரியோ வேனோ ஆன வண்டி. இன்னொன்று அதன் முதுகில் ஏறிய வீடு: பேட்டரி, இன்வெர்ட்டர், தண்ணீர்த் தொட்டி, மோட்டார், கழிப்பறை. இரண்டையும் ஓட்டித் தேய்ப்பதைவிட நிறுத்தி வைத்துக் கெடுப்பதுதான் நம் ஊரில் அதிகம். வருடத்தில் சில வாரம் ஓடி, மீதி நாளெல்லாம் உப்புக்காற்றிலும் வெயிலிலும் தெருவோரம் நிற்கிற வண்டிக்கு வருகிற நோய்கள் தனி. அவற்றில் பெரும்பாலானவை மெக்கானிக் தேவைப்படாதவை. வாரம் ஒருமுறை சொந்தக்காரரின் கண் பட்டால் போதும்.

இந்தியாவில் இந்த வீட்டை அதிகம் சுமப்பது போர்ஸ் டிராவலர். நம் கல்யாணங்களுக்கெல்லாம் வருகிற அதே டெம்போ டிராவலர்தான். பஜாஜ் டெம்போ என்ற பெயரில் கம்பெனி இருந்த 1987-இல், ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் வேன் ஒன்றை ஒட்டி இது வந்தது. இன்றைய 2.6 லிட்டர் இஞ்சினும் மெர்சிடிஸ் வம்சம்தான். பெரிதாக வேண்டுமென்பவர்கள் ஒரகடத்தில் தயாராகும் பாரத்பென்ஸ் சேசிஸுக்குப் போகிறார்கள். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியபோது அதன் 1017 மாடல் சேசிஸில் கட்டிய வண்டி ஒன்று அறிமுகமானது. ஒரு விஷயம்: சாதாரண லைட் லைசென்ஸ் 7,500 கிலோ மொத்த எடை வரைதான். டிராவலர் அதற்குள் அடங்கும், 1017 அடங்காது.

பாடி கட்டுவது மெட்ராஸுக்குப் பழைய தொழில். மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி 1840-இல் குதிரை வண்டிக் காலத்தில் தொடங்கியது. 1903-இல் அங்கேயே சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். இப்போது பஸ் பாடி என்றால் எல்லாரும் கரூருக்குப் போகிறார்கள். ஆனால் பழைய வேன் ஒன்றை வாங்கி, தெரிந்த பட்டறையில் கட்டிலும் அடுப்பும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் சட்டம் விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 என்ற தர வரையறை இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இந்த ஓட்டையைத்தான். சான்று பெற்ற வண்டியாக வாங்கிவிடுவது நல்லது.

இனி இஞ்சின். டீசல் இஞ்சினில் தீப்பொறி தருகிற பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கினால் அது தானே ஐந்நூறு டிகிரியைத் தாண்டிச் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் பற்றிக்கொள்ளும். ருடால்ப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய அடிப்படை இன்றும் மாறவில்லை. மாறியது தூவும் விதம். இப்போதைய காமன் ரயில் இஞ்சினில் டீசல் 1,600 பார் அழுத்தத்துக்கும் மேலே ஏறி, ஊசி முனையைவிடச் சிறிய துளைகள் வழியே பாய்கிறது. கார் டயருக்குள் இருக்கும் அழுத்தம் இரண்டு பாரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இத்தனை நுணுக்கமான பம்பையும் இன்ஜெக்டரையும் வழவழப்பாக வைத்திருப்பது அந்த டீசலேதான். அதில் தண்ணீர் கலந்தால் உள்ளே துரு பிடிக்கும், பிறகு செலவு லட்சத்தில் பேசும்.

தண்ணீர் எப்படி வருகிறது? அரை டேங்க் டீசலோடு வண்டி நிற்கிறது. மீதி அரை டேங்கில் சென்னையின் ஈரக்காற்று. இரவில் தகரம் குளிர, உள்ளே வியர்த்து, துளி துளியாக அடியில் போய்த் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுப்பாக ஒரு வழுவழுப்பான கசடு உண்டாகும். ஊரிலிருந்து திரும்பியதும் டேங்கை நிரப்பிவிட்டு நிறுத்துவது இதற்காகத்தான்.

வந்த தண்ணீரை எடுக்க வழி வைத்திருக்கிறார்கள். பல வண்டிகளில் டீசல் பில்டரின் அடியில் ஒரு பிளாஸ்டிக் திருகு இருக்கும். கீழே ஒரு கண்ணாடி பாட்டிலைப் பிடித்து, திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினால் முதலில் இறங்குவது தண்ணீர். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் நிறமில்லாமல் ஒரு பட்டை, அதன் மேல் வெளிர் மஞ்சளாக டீசல், சில வண்டிகளில் நடுவே பழுப்பாக மெல்லிய படலம் ஒன்று. அந்தப் படலம் தெரிந்தால் டேங்கைக் கழுவ வேண்டிய காலம் வந்துவிட்டது. சுத்த டீசல் வரத் தொடங்கியதும் திருகை விரலாலேயே இறுக்கலாம். ஸ்பேனர் போட்டால் மரை போய்விடும். பிறகு பில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பைக் கெட்டியாகும் வரை அமுக்க வேண்டும். இல்லையென்றால் ஏர் பிடித்து, செல்ப் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி எழாது.

அந்த நேரத்தில் உதவிக்கு வருகிற பழைய மெக்கானிக் ஒருவர் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கலாம் என்பார். பழைய இஞ்சினுக்கு அது சரியான வைத்தியம். காமன் ரயில் இஞ்சினில் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும். இன்ஜெக்டர், பிரேக், ஏ.சி. கேஸ் மூன்றும் பட்டறையின் வேலை.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 புகை விதி சொந்தக்காரருக்கு ஒரு புதுக் கடமையைத் தந்தது. புகைக்குழாயில் இப்போது ஒரு சல்லடை இருக்கிறது. கரியைப் பிடித்து வைத்து, நிறைந்ததும் அறுநூறு டிகிரிக்குப் பக்கத்தில் சூடேற்றி எரித்துவிடும். அதற்கு வண்டி ஒரே சீரான வேகத்தில் இருபது நிமிஷமாவது ஓட வேண்டும். லஸ்ஸிலிருந்து பாண்டி பஜார், அங்கிருந்து அடையாறு என்று ஊர்ந்துகொண்டிருந்தால் சூடு ஏறவே ஏறாது. எரிக்க முயன்று பாதியில் நின்றுபோகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் இஞ்சின் ஆயிலில் கலக்கும். அதனால் ஆயில் குச்சியை உருவிப் பார்க்கும்போது அளவு குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஏறியிருந்தாலும் ஆபத்துதான், டீசல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

வீட்டு வாசலில் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும் என்பது பலருடைய நம்பிக்கை. அது கரியைத்தான் கூட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடியற்காலையில் ஈ.சி.ஆரில் ஏறி மாமல்லபுரம் வரை போய் வருவது சல்லடை, பேட்டரி, டயர், ஏ.சி. கம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து. திரும்பி வந்ததும் சாவியை உடனே திருப்பிவிடாமல் ஒரு நிமிஷம் நிதானமாக ஓடவிட்டு அணைக்க வேண்டும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றைத் தொடுகிற டர்போ, ஆயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆறட்டும்.

வண்டியில் புகையைச் சுத்தமாக்க யூரியாக் கரைசல் ஊற்றுகிற வசதி இருந்தால், கேனை மொட்டை மாடி அறையில் சேர்த்து வைக்காதீர்கள். 25 டிகிரியில் 18 மாதம் தாங்குவது 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். சித்திரை வெயிலில் அந்த அறை எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டுப் பக்கம் வந்தால் எல்லாக் கேள்வியும் மின்சாரத்தில்தான் முடியும். இஞ்சினை எழுப்புகிற பேட்டரி வேறு, வீட்டுக்கான பேட்டரி வேறு. ஒன்று மற்றதைக் காலி செய்யாதபடி நடுவே ஒரு பிரிப்பான் இருக்க வேண்டும். வீட்டுக்கு இப்போது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி என்றால் சுமார் இரண்டரை யூனிட் கரன்ட். ஒன்றரை டன் ஏ.சி. முழுமூச்சில் ஓடினால் ஒன்றரை மணி நேரத்தில் அதைக் குடித்துவிடும். அதே பேட்டரியில் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி மூன்று நாள் விடாமல் சுற்றும். கூரையில் 400 வாட் சோலார் தகடு இருந்தால் நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேலே கிடைக்கும்: விளக்கு, விசிறி, சின்ன பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் தாராளம், இரவு முழுக்க ஏ.சி.க்குப் போதாது. மே மாதச் சென்னையில் ஏ.சி. இல்லாமல் தூங்க முடியாதென்றால், ராத்திரி கரன்ட் பாயின்ட் கிடைக்கிற இடமாகப் பார்த்துத் தங்குங்கள், இல்லையென்றால் ஏற்காட்டுக்குப் போங்கள். எனக்கு இரண்டாவது யோசனை பிடிக்கும்.

லித்தியம் பேட்டரியை இஞ்சினின் ஆல்டர்னேட்டரோடு நேராக இணைத்தால் அது ஒரே மூச்சில் கரன்டை உறிஞ்சி ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிக் கருக்கிவிடும். நடுவே அளவாகக் கொடுக்கிற சார்ஜர் ஒன்று கட்டாயம். நிறுத்தி வைத்த வண்டியில் ஜி.பி.எஸ்., அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் இஞ்சின் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்தில் லெட்-ஆசிட் பேட்டரி வற்றி, தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். துண்டிக்கிற சுவிட்ச் ஒன்றைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

ஜென்செட் விஷயத்தில் மட்டும் சிக்கனமும் சாமர்த்தியமும் வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். தரையில் ஒரு துளை, தேய்ந்துபோன ஒரு ரப்பர் விளிம்பு போதும் அது உள்ளே வர. படுக்கைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று, மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்திப் பார்க்கிற பழக்கம், தூங்கும்போது ஜென்செட்டை அணைப்பது: மூன்றும் கட்டாயம். சமையலுக்கு இண்டக்‌ஷன் போதுமென்றால் கேஸ் சிலிண்டரை ஏற்றவே வேண்டாம், கசியும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும்.

தண்ணீரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 100 லிட்டர் என்றால் 100 கிலோ, போகிற இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். நிறுத்தும் முன் எல்லாத் தொட்டியையும் வடித்துவிடுங்கள். கழிப்பறைப் பெட்டியை வீட்டுக் கழிப்பறையில் கொட்டிக் கழுவுவது அருவருப்பான வேலைதான். தெருவோரக் கால்வாயில் திறந்துவிடுவது அதைவிட அருவருப்பு.

டயரில் ஓடிய கிலோமீட்டரைவிட வயது முக்கியம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. பூ தேயாமலே, வெயிலில் நின்று நின்று பக்கச் சுவரில் மயிரிழையாக வெடிப்பு விட்டிருக்கும். எல்லாச் சாமானும் ஏற்றி, ஆட்களையும் உட்கார வைத்து, ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக் தாங்குவது அந்த எடையைத்தான். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பெசன்ட் நகரில் ஜன்னல் கம்பிக்கு நேர்வது சேசிஸுக்கும் நேரும். புரட்டாசி பிறப்பதற்குள் கூரை மேல் ஏறி, ஏ.சி., சோலார் தகடு, ஜன்னல் விளிம்பு என்று துளை போட்ட இடமெல்லாம் சீலன்ட்டை நகத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். பெயர்ந்து வந்தால் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும், பழையதின் மேலேயே அப்பக்கூடாது. ஐப்பசி மழையில் ஒழுகினால் ஈரம் முதலில் பிளைவுட்டுக்குள் போகும். வெளியே தெரிய வரும்போது பலகை உளுத்திருக்கும்.

மழைக்காலத்தில் தி.நகரிலிருந்து மேற்கு மாம்பலம் போக துரைசாமி சப்வேக்கு இறங்குவது காருக்கே யோசிக்க வேண்டிய விஷயம். கூரை ஏ.சி.யோடு சேர்த்து உங்கள் வண்டியின் உயரத்தை அளந்து, சன் வைசரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நின்ற இடத்திலேயே மூழ்கிய வண்டிகளில் பல இஞ்சின்கள் பிழைத்திருக்கக்கூடியவை. வெள்ளம் வடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருப்புவார்கள். காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் பம்பருக்கு மேல் ஏறியது என்று தெரிந்தால் சாவியைத் தொடாமல் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஏர் பில்டர் டப்பாவைத் திறந்து காகிதம் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே டோ செய்து பட்டறைக்கு அனுப்புங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போதே இஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கை இருக்கிறதா என்று கேட்டு வாங்கியிருந்தால் அந்த பில்லும் கையைக் கடிக்காது.