மூன்று நாள்களில் தில்லி: திங்கள்கிழமை இறங்காதீர்!

புதுதில்லி:
தமிழகத்திலிருந்து தலைநகரைக் காண வருவோரிடம் பெரும்பாலும் மூன்று நாள்களே கைவசம் உள்ளன. அதில் ஒரு நாளை ஆக்ராவுக்குக் கொடுத்துவிட்டு, மீதி நாள்களில் தில்லியைப் பேருந்தின் ஜன்னல் வழியே பார்த்துத் திரும்புகின்றனர். "இடப்பக்கம் குடியரசுத் தலைவர் மாளிகை, வலப்பக்கம் நாடாளுமன்றம்" என்று வழிகாட்டி சொல்லி முடிப்பதற்குள் பேருந்து கடந்துவிடுகிறது. சுமார் 2,200 கிலோ மீட்டர் பயணம் செய்து வந்தவர்களுக்கு, தாங்கள் ஆளப்படும் இடத்தைக் காண வாய்ப்பது இரண்டு நிமிடம்தான்.

ஆக்ராவை இன்னொரு பயணத்துக்கு ஒத்திவைப்பதே நல்லது என்பது இச்செய்தியாளரின் கருத்து. அதைவிட முக்கியம், வந்து இறங்கும் கிழமை. செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, பிரதமர்கள் அருங்காட்சியகம், தாமரைக் கோயில் ஆகிய அனைத்துக்கும் திங்கள்கிழமை விடுமுறை. ஞாயிறு இரவு வந்து சேர்ந்து, மறுநாள் காலை செங்கோட்டையின் மூடிய வாயில் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் குடும்பங்களை இங்கு அடிக்கடி காணலாம். திங்களன்று இருக்கத்தான் வேண்டும் என்றால் அந்நாளைக் குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் ஒதுக்கலாம்.

பருவமும் கவனத்துக்குரியது. நவம்பர் முதல் ஜனவரி வரை காற்று மாசு மூச்சை அடைக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அப்போது வராமலிருப்பதே நலம். டிசம்பர், ஜனவரி மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகின்றன. குடியரசு தினத்துக்கு முன்னர் அணிவகுப்பு ஒத்திகைக்காகச் சாலைகள் அடைக்கப்படுகின்றன. பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரையே இதமான காலம்.

கோட்டையும் கடைவீதியும்

முதல் நாளைப் பழைய தில்லிக்குக் கொடுக்கலாம். 2017இல் திறக்கப்பட்ட மெட்ரோ வழித்தடத்தில் தில்லி கேட், ஜாமா மசூதி, செங்கோட்டை என்று மூன்று நிலையங்கள் அடுத்தடுத்து உள்ளன. ஆட்டோக்காரர்களிடம் பேரம் பேசும் தொல்லை இல்லை.

1648இல் ஷாஜஹான் கட்டி முடித்த கோட்டைக்குள் நுழைவோர், "உள்ளே ஒன்றுமில்லையே" என்று ஏமாற்றம் அடைவதுண்டு. அந்த வெறுமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1857 எழுச்சியை அடக்கிய ஆங்கிலேயர்கள் அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளி, படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினர். கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரை 1858இல் இதே கோட்டையில் விசாரித்து ரங்கூனுக்கு நாடு கடத்தினர். 1945 நவம்பரில் இந்திய தேசிய இராணுவத்தின் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகியோர் மீதான வழக்கும் இங்கேதான் நடந்தது. மலாயாவின் தோட்டங்களிலிருந்து அப்படையில் சேர்ந்த ஏராளமான தமிழர்களை நினைவில் வைத்துப் பார்த்தால், அந்தக் கட்டடங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல.

எதிரே சாந்தினி சௌக். ஒன்றரைக் கிலோ மீட்டர்கூட நீளாத அத்தெருவில் சமணக் கோயில், கௌரி சங்கர் கோயில், 1675இல் குரு தேக் பகதூர் கொல்லப்பட்ட இடத்தில் எழுந்த சீஸ் கஞ்ச் குருத்வாரா, பாப்டிஸ்ட் தேவாலயம், ஃபதேபுரி மசூதி என எல்லாமே வரிசையாக நிற்கின்றன. ஜாமா மசூதியிலிருந்து தெற்கே சற்று நடந்தால் துர்க்மான் கேட். நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரலில், வீடுகளை இடிக்க வந்தவர்களை எதிர்த்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்த பகுதி. சுற்றுலாப் பேருந்துகள் அங்கு செல்வதில்லை.

நாடாளுமன்றத்துக்குள் செல்ல

இரண்டாம் நாள் புதுதில்லி. ஆங்கிலேயர் காலத்தில் கிங்ஸ்வே, பின்னர் ராஜபாதை, 2022 செப்டம்பர் முதல் கர்தவ்ய பாதை. பெயர் மாற்றங்கள் வழி கேட்போரைக் குழப்பும்: ஔரங்கசீப் சாலை 2015இல் அப்துல் கலாம் பெயரைப் பெற்றது, மொகலாயத் தோட்டம் 2023இல் அம்ரித் உத்யான் ஆனது. இந்தியா கேட்டுக்குப் பின்னுள்ள கல் விதானத்திலிருந்து ஐந்தாம் ஜார்ஜின் சிலை 1968இல் அகற்றப்பட்டு, அரை நூற்றாண்டு வெறுமையாகக் கிடந்த இடத்தில் இன்று நேதாஜி நிற்கிறார்.

நாடாளுமன்றக் கூட்டத்தொடரை மாடத்திலிருந்து காண விரும்புவோருக்கு உறுப்பினரின் பரிந்துரை தேவை. 2023 டிசம்பர் 13 அன்று இருவர் மக்களவைக்குள் குதித்த பின்னர் கெடுபிடி கூடிவிட்டது. தில்லி வந்தபின் ஓடுவதில் பயனில்லை. பயணச்சீட்டு எடுத்த உடனேயே தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதிவிட வேண்டும். இதைச் சலுகையாக எண்ணிக் கூச்சப்படுவோர் உண்டு. வாக்களித்தவர் கேட்பதில் கூச்சம் எதற்கு?

அனுமதி கிடைக்காதவர்கள் ஜந்தர் மந்தருக்குச் செல்லலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெய்ப்பூர் மன்னர் ஜெய்சிங் கட்டிய வானாய்வகத்தைச் சீட்டு வாங்கிப் பார்க்கலாம். வெளியே சாலையில் நாட்டின் ஏதோவொரு மாநிலத்து மக்கள் பதாகையுடன் அமர்ந்திருப்பதைச் சீட்டின்றியே காணலாம். 1988இல் மகேந்திர சிங் டிக்காயத் தலைமையில் விவசாயிகள் திரண்ட போட் கிளப் புல்வெளியில் பின்னர் போராட்டங்களுக்குத் தடை வந்தது. குரல்கள் இங்கு ஒதுங்கின. 2017இல் தமிழக விவசாயிகள் மண்டையோடுகளுடன் வாரக்கணக்கில் கிடந்தது இங்கேதான். அவ்வாண்டு அக்டோபரில் பசுமைத் தீர்ப்பாயம் இந்த இடத்தையும் தடை செய்தது. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே, காவல்துறை அனுமதி என்ற நிபந்தனையுடன் வாயில் மீண்டும் திறந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஹுமாயூன் கல்லறை. பகதூர் ஷா பிடிபட்டதும், 1947இல் அகதிகள் தங்கியதும் அந்த வளாகத்தில்தான். அருகிலேயே நிஜாமுதீன் தர்கா. வியாழன் மாலை என்றால் கவ்வாலி கேட்கலாம். குதுப் மினாருக்கு மெட்ரோ உண்டு.

பிற்பகலைக் காந்தி ஸ்மிருதிக்கு மீதம் வையுங்கள். கட்டணம் கிடையாது. கடைசி 144 நாள்கள் அவர் தங்கிய அறையிலிருந்து, 1948 ஜனவரி 30 மாலை பிரார்த்தனைக்கு நடந்த பாதையில் காலடித் தடங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவை தோட்டத்தின் நடுவே நின்றுவிடுகின்றன. மாலையில் மூடிவிடுவார்கள் என்பதால், ரயிலுக்கான பெட்டிகளைக் காலையிலேயே கட்டி வைத்துவிட்டுச் செல்வது வசதி.