மாட்டுக்கறிச் சண்டையில் மாட்டிக்கொண்ட ஆட்டுப்பால்



"அந்த நாடு வரியை ஏத்திடுச்சு" என்று செய்தியில் அடிக்கடி கேட்கிறோம். இறக்குமதி வரி என்றால் என்ன? அது யாரைப் போய்ச் சேரும்? பிரான்ஸ் நாட்டில் ஆடு வளர்ப்பவர்களுக்கு நடந்ததை வைத்துத் தெரிந்து கொள்வோம்.

பிரான்சின் தெற்குப் பக்கம் ரோக்ஃபோர் என்று ஒரு சின்ன ஊர். சுற்று வட்டாரத்துக் குடும்பங்கள் செம்மறி ஆடு வளர்த்துப் பால் கறக்கிறார்கள். அந்தப் பாலை உறைய வைத்து, கட்டியாக்கி, மலைக் குகையில் பக்குவப்படுத்துவார்கள். பாறை வெடிப்பு வழியாக வரும் குளிர்ந்த ஈரக் காற்றில் சீஸுக்குள் நீலப் பூஞ்சணம் படரும். பூஞ்சணம் பூத்தால் கெட்டுப்போச்சு என்று நாம் சொல்வோம். அங்கே அதுதான் ருசியே! இது தயாராகக் குறைந்தது 90 நாள் ஆகும். அந்த ஊரில் பக்குவமானதை மட்டுமே ரோக்ஃபோர் என்ற பெயரில் விற்க முடியும். 1925-லேயே இதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. நம்ம பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் கிடைத்த புவிசார் குறியீடு மாதிரிதான் இதுவும்.

சண்டை எங்கே வந்தது?

அமெரிக்காவில் மாடுகள் சீக்கிரம் எடை போட ஹார்மோன் கொடுப்பது உண்டு. அந்த இறைச்சி எங்களுக்கு வேண்டாம் என்று ஐரோப்பிய நாடுகள் 1989-ல் தடை போட்டன. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தது. அப்போதும் தடை விலகவில்லை. பதிலடியாக, 1999 ஜூலையில் ஐரோப்பியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 100 சதவீத வரி விதித்தது. அந்தப் பட்டியலில் ரோக்ஃபோர் சீஸும் இருந்தது.

சண்டை மாட்டுக்கறிக்கு. அடி விழுந்ததோ ஆட்டுப்பாலுக்கு! பேர் பெற்ற பொருளைத் தொட்டால்தான் அதைச் செய்பவர்கள் தங்கள் அரசிடம் போய்க் குரல் கொடுப்பார்கள் என்பது இதில் உள்ள கணக்கு.

வரியைக் கட்டுவது யார்?

பிரான்ஸ் அரசு கட்டுவதில்லை. சரக்கை இறக்கும் அமெரிக்க வியாபாரிதான் கட்ட வேண்டும். 500 ரூபாய் சீஸுக்கு 500 ரூபாய் வரி என்றால், கடைக்குப் போகும் முன்பே அடக்கம் 1,000 ரூபாய். வியாபாரி என்ன செய்வார்? விலையை ஏற்றுவார். இல்லாவிட்டால் செய்தவரிடம் விலையைக் குறைக்கச் சொல்வார். அதுவும் முடியாவிட்டால் வாங்குவதையே நிறுத்துவார். எப்படிப் பார்த்தாலும் சுமை வாங்குகிறவர் தலையிலும் பால் கறக்கிறவர் தலையிலும்தான் வந்து விழும்.

அந்த வட்டாரத்து ஆடு வளர்ப்போர் சும்மா இருக்கவில்லை. 1999 ஆகஸ்டில் ஜோசே போவே என்ற விவசாயியும் அவரோடு சேர்ந்தவர்களும், மியோ நகரில் கட்டிக்கொண்டிருந்த அமெரிக்க உணவகம் ஒன்றைப் பிரித்துப் போட்டார்கள். அதற்காக அவர் சிறைக்கும் போனார். 2009 ஜனவரியில் வரியை 300 சதவீதம் ஆக்கப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் பேச்சுவார்த்தை நடந்து, அந்த உயர்வு கைவிடப்பட்டது. கூடுதல் வரி 2011-ல் நீங்கியது.

இதோடு முடியவில்லை. 2019-ல் விமானக் கம்பெனிகளுக்குக் கொடுத்த அரசு உதவி பற்றிய தகராறில், இத்தாலியின் பார்மசான் சீஸுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. 2021-ல்தான் நிறுத்தி வைத்தார்கள்.

அப்படியானால் வரியே கூடாதா?

அப்படியும் சொல்ல முடியாது. 2019 நவம்பரில் ஆசிய, பசிபிக் நாடுகளின் பெரிய வர்த்தக ஒப்பந்தத்தில் சேராமல் இந்தியா விலகியது. நியூசிலாந்து போன்ற நாடுகளின் பால் பொருள்கள் வரி குறைந்து வந்தால், ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் என்னாவது என்ற கவலையும் அதற்கு ஒரு காரணம். ஆக, வேலியும் வரிதான், அடிக்கிற கம்பும் வரிதான். அது யார் கையில், எதற்காக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் குழுவுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நல்ல பொருள், நல்ல பெயர் இரண்டும் இருந்தும், நமக்குச் சம்பந்தமில்லாத சண்டையில் ஒரு சந்தை அடைபட்டுப் போகலாம். நம் பொருளை எத்தனை பேர் வாங்குகிறார்கள்? ஒருவர் நிறுத்திவிட்டால் மிச்சம் எவ்வளவு விற்கும்? அடுத்த கூட்டத்தில் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவோமா?